ஆஸ்திரேலியப் பந்தாட்ட வீரர் டக்ளஸ் நிக்கல்ஸ்

ஆஸ்திரேலியா என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது கிரிக்கெட். மெல்போர்ன் நகரத்துப் பெரிய மைதானத்தின் பெயரும் அவ்விளையாட்டின் வாயிலாகவே நமக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் விளையாட்டுக்கென்று அம்மைதானத்தில் திரண்ட மிகப் பெரிய கூட்டம் கிரிக்கெட்டுக்காகத் திரண்டதன்று. 1970-ஆம் ஆண்டில் 1,21,696 மக்கள் அங்கே கூடியது, அந்நாட்டிற்கே உரிய ஒருவகைப் பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியைக் காண்பதற்காகும். அவ்வாட்டத்தில் புகழ்பெற்று, பின்னர் ஒரு மாநிலத்தின் கவர்னராகவும் உயர்ந்த டக்ளஸ் நிக்கல்ஸ் என்பவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம். இதனை முதலிலேயே கூறுவதற்குக் காரணம் உண்டு; ஆட்டத்தின் இயல்பை அறிந்தால் அது விளங்கும்.

இவ்வாட்டம் 1858-ஆம் ஆண்டில் மெல்போர்னில் தோன்றியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதன் விதிகள் எழுதப்பெற்றன. கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள் குளிர்காலத்தில் உடல் தளராமல் இருப்பதற்கென வகுத்துக்கொண்ட ஆட்டமாதலின், கிரிக்கெட் மைதானமே இதற்கும் களமாயிற்று. களம் முட்டை வடிவினது, பந்தும் அவ்வாறே. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் களத்தில் இறங்குவர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகள். சற்றே தவறி அவற்றின் பக்கத்துக் கம்பத்துக்கு உட்புறமாகச் சென்றால் ஒரு புள்ளி. குறி தப்பினவனுக்கும் ஒரு புள்ளி அளிக்கும் இந்தத் தாராளம் வேறு பந்தாட்டங்களில் காண்பதற்கு அரியது.

பந்தைக் காலால் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறிதல் மட்டும் கூடாது. பந்தோடு ஓடுகிறவன் இன்றைய விதிப்படி 15 மீட்டருக்கு ஒருமுறையேனும் அதனைத் தரையில் தட்டி எடுக்கவேண்டும். முட்டை வடிவப் பந்து தட்டிய கைக்கே திரும்பி வரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. அதனைத் தட்டிக்கொண்டே முழுவேகத்தில் ஓடுவது நெடுநாள் பழகினவர்க்கே கைவரும். இவ்வாட்டத்தின் உயிர்நிலை ‘மார்க்’ என்பது. அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் காண்பது எளிதன்று. ‘ஏந்திப் பிடித்தல்’ என வைத்துக்கொள்வோம். உதைபட்டு வரும் பந்தைத் தரையில் விழுமுன் பற்றிக்கொண்டவன், எதிரிகளின் தடையின்றித் தன் உதையை உதைக்கும் உரிமை பெறுகிறான். ஆகவே ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் வானை நோக்கித் தாவுவர். ஒருவன் மற்றொருவனுடைய முதுகிலும் தோளிலும் முழங்காலை ஊன்றி எழும்புவதும் உண்டு. நெடிய உடல் படைத்தவர்க்கு இவ்வாட்டம் எத்துணைச் சாதகமானது என்பதை இனி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் வானில் பறிபோகாத பந்து தரையில் விழுந்தே தீரும். அங்கேதான் குள்ளமானவர்களுக்கு வேலை. குனிந்து, தலையைப் பந்தின்மேல் கவிழ்த்து, அதனை வாரி எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். அவ்வாறு குனிந்திருக்கும் வேளையில் தன்னிலும் ஓரடி உயரமான ஒருவன் தோளை முன்நீட்டிக்கொண்டு பாய்ந்து வருவான். தலைக்கவசமோ மார்க்காப்போ இவ்வாட்டத்தில் அணிவதில்லை. வருகிறவனை நிமிர்ந்து நோக்கினால் பந்து போய்விடும். நோக்காவிடில் அடி விழும். ஆஸ்திரேலியர் ஓர் ஆட்டக்காரனைத் துணிவுள்ளவன் என்று கூறுங்கால் பெரும்பாலும் இந்தக் கணத்தையே கருதுகின்றனர். நிக்கல்ஸ் ஆடிய இடம் ‘விங்’ எனப்படும் ஓரப் பகுதி. களத்தின் நடுவரிசையில் இரு ஓரங்களிலும் நிற்கும் இவர்களுக்கு வேகமும் நெடுந்தூரம் ஓடும் மூச்சும் இன்றியமையாதவை. இவ்விரண்டும் அவரிடம் நிரம்ப இருந்தன. உயரப் பந்துக்கும் அவர் தாவாமல் விட்டதில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மர்ரே நதிக்கரையில் கம்மரகஞ்ஜா என்னும் குடியிருப்பு உளது. அங்கே 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நிக்கல்ஸ் பிறந்தார். ஆங்கில ஏடுகள் ஒரே பொதுப்பெயரால் குறித்துவந்த ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளுள் நூற்றுக்கணக்கான இனங்களும் மொழிகளும் இருந்தன. நிக்கல்ஸ் யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். இத்தகைய குடியிருப்புகள் அரசாங்கப் ‘பாதுகாப்பு’ வாரியத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. யார் உள்ளே இருக்கலாம், யார் வெளியேற வேண்டும், யாருடைய குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதையெல்லாம் அவ்வாரியமே முடிவு செய்தது. நிக்கல்ஸுக்கு எட்டு வயதாக இருந்தபோது போலீஸார் வந்து, அவருடைய பதினாறு வயதுத் தமக்கை ஹில்டாவைப் பலவந்தமாகக் கொண்டுபோயினர். கூட்டமண்டிரா என்னும் ஊரில் ஆதிக்குடிப் பெண்களை வீட்டு வேலைக்குப் பழக்கும் விடுதியில் அப்பெண் சேர்க்கப்பட்டாள். சிறுவன் இதனைக் கண்ணாரக் கண்டான்.

பதின்மூன்று வயதில் பள்ளி முடிந்தது. சிற்றப்பன்மார் வழியில் ஆட்டுப் பண்ணைகளில் வேலை கிடைத்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும்போது கத்தரி பட்டுத் தோல் கிழிந்தால், அக்காயத்தில் தார் பூசுவதற்கென ஒரு சிறுவன் தார்ச்சட்டியுடன் காத்திருப்பான். நிக்கல்ஸ் செய்த வேலை அது. ஓய்வு நாட்களில் பந்தாட்டம். டொங்காலா என்ற சிற்றூர்க் குழுவில் அவர் ஆடிய ஆட்டம் பலரது கவனத்தைக் கவர்ந்தது. நகரத்துக் குழுக்களில் ஆடலாம் என்ற எண்ணம் எழவே, 1927-இல் மெல்போர்ன் சென்றார்.

முதலில் சென்றது கார்ல்டன் குழுவிடம். விக்டோரியா பந்தாட்ட லீக் எனப்படும் முதல்தரப் போட்டியில் ஆடும் புகழ்மிக்க குழு அது. பயிற்சி ஆட்டங்களில் நிக்கல்ஸ் கலந்துகொண்டார். ஆனால் உடை மாற்றும் அறையில் அவரைத் தம் அருகே ஏற்க ஆட்டக்காரர் சிலர் விரும்பவில்லை. ஆட்டத்துக்கு முன் தைலம் தேய்த்துத் தசைகளைப் பிடித்துவிடுவது அக்குழுக்களின் வழக்கம். அப்பணிக்கென இருந்தவர் இவருடைய கறுத்த உடலைத் தொட மறுத்தார். பருவம் தொடங்குமுன்பே அவர் அக்குழுவை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. இதன் பொருளை நம் நாட்டார்க்கு எடுத்துரைப்பது மிகை. பல்வங்கர் பாலு என்னும் மாபெரும் பந்து வீச்சாளருக்குப் பூனா நகரில், உடன் ஆடுவோர் உள்ளே தேநீர் அருந்துகையில், வெளியே தனி மண்குவளையில் வழங்கிய காலம் அதற்குச் சில பத்தாண்டுகளே முற்பட்டது. பந்தைப் பகிர்ந்துகொள்ளலாம், கிண்ணத்தைக் கூடாது என்னும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இவ்வாறு விலக்கப்பட்ட இருபது வயது இளைஞர் ஊருக்குத் திரும்பியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார். நிக்கல்ஸ் மெல்போர்னிலேயே தங்கினார். லீகுக்கு அடுத்த நிலையில் விளங்கிய விக்டோரியா பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த நார்த்கோட் குழு அவரை ஏற்றுக்கொண்டது. 1929-இல் அக்குழு சங்கத்தின் வெற்றிப் பட்டத்தை அடைந்தது.

அதே ஆண்டில் அவர் வேறொரு துறையிலும் பெயர் பெற்றார். ஆஸ்திரேலியக் கிராமங்களில் ‘கிஃப்ட்’ எனப்படும் ஓட்டப் பந்தயங்கள் உண்டு. இவற்றில் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுவதில்லை. மெதுவாக ஓடுகிறவனுக்குச் சில கஜம் முன்னே இடமளித்து, விரைந்து ஓடுகிறவனைப் பின்னே நிறுத்துவர். பரிசு பணமாகவே வழங்கப்படும். ஏழைகளுக்கு இது ஒரு பிழைப்பு வழி. 1929-இல் நையா, வாரக்னபீல் ஆகிய இரண்டு ஊர்களின் பந்தயங்களிலும் நிக்கல்ஸ் வென்றார்.

பணமுடை மிகுந்திருந்த அந்நாட்களில் ஜிம்மி ஷார்மன் என்பவருடைய குத்துச்சண்டைக் கூடாரத்திலும் அவர் சேர்ந்தார். ஊர்த் திருவிழாக்களில் கூடாரம் அடித்து, வாசலில் மேடைமீது வீரர்களை வரிசையாக நிறுத்தி, இவர்களுடன் மோத வல்லார் யார் என்று பறையறைந்து அழைப்பது அக்கூட்டத்தின் வழக்கம். வேடிக்கை பார்க்க வந்த எந்த முரடனும் கையுறை அணிந்து உள்ளே வரலாம். எதிரி எத்துணைப் பருமனானவன் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கூடாரத்து வீரனுக்கு இராது. நிக்கல்ஸ் அதனைக் கூசாது செய்தார். அதனை வீரம் என்று நாம் போற்றவேண்டிய அவசியமில்லை. அக்கூடாரத்தில் ஆதிக்குடி இளைஞர் பலர் நின்றதற்குக் காரணம், வேறு கதவுகள் அவர்களுக்குத் திறக்காமையே.

1932-இல் முதல்தர லீகின் கதவு திறந்தது. பிட்ஸ்ராய் குழு அவரை அழைத்துக்கொண்டது. ஆதிக்குடி மரபினர் ஒருவர் அக்குழுவில் ஆடுவது அதுவே முதல் தடவையன்று. 1904-இலேயே ஜோ ஜான்சன் என்பவர் அதில் ஆடியிருக்கிறார். ஆயினும் உடை மாற்றும் அறையின் அனுபவம் நிக்கல்ஸின் மனத்தை விட்டு அகன்றிருக்கவில்லை. முதலில் அவர் தனித்தே ஒரு மூலையில் உடை மாற்றிக்கொண்டார். அதனைக் கண்ட ஹேடன் பன்டன் தம் பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் அருகில் அமர்ந்தார்.

பன்டன் யார் என்பதைக் கூறினாலன்றி இச்செயலின் மதிப்பு விளங்காது. லீகின் தலைசிறந்த, ஒழுங்கு மீறாத ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்பெறும் பிரௌன்லோ பதக்கத்தை 1931, 1932, 1935 ஆகிய மூன்றாண்டுகளில் வென்றவர் அவர். அவரும் மர்ரே நதிக்கரையில் ஆல்பரி என்ற ஊரில் வளர்ந்தவர். அத்தகைய ஒருவர் அருகே வந்து அமர்ந்தபின் அவ்வறையில் வேறு எவரும் மறுத்துரைக்க இயலவில்லை. பெரியவர்கள் பலர் அறிக்கைகளால் சாதிக்கமுடியாத ஒன்றை அவர் இருக்கையை மாற்றிக்கொண்டு சாதித்தார் என்பது எம் கருத்து.

பிட்ஸ்ராய்க்காக நிக்கல்ஸ் 1937 வரை 54 ஆட்டங்கள் ஆடினார். எண்ணிக்கை பெரிதன்று, ஆனால் அவருடைய சுழன்றோடும் ஆட்டத்தைக் காண்பதற்கென்றே மக்கள் வந்தனர். 1935-இல் பிற மாநிலங்களுடன் மோதும் விக்டோரியா மாநிலக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சிறப்பைப் பெற்ற முதல் ஆதிக்குடி ஆட்டக்காரர் அவரே. இங்கே ஒரு முரணைக் கருதிப் பார்க்கலாம். அவர் மாநிலத்தின் சட்டை அணிந்து ஆடிய நாளில், ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது. நாட்டின் மக்கள் தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்பது அதன் விதி. மைதானத்தில் பல்லாயிரம் கண்கள் ஒருவரைக் காண, கணக்கேடு அவரைக் காணவில்லை.

1938-இல் நார்த்கோட்டுக்குத் திரும்பினார். முழங்கால்கள் பழுதடைந்தன, 1939-இல் ஆட்டம் நின்றது. பிற்காலத்தில், 1947-இல், அதே குழுவுக்குப் பயிற்சியாளராக மீண்டும் வந்தாரெனினும், ஆடுகளத்து வாழ்வு முப்பத்திரண்டு வயதோடு முடிந்துவிட்டது. பெரும்பாலான ஆட்டக்காரரின் வரலாறு இங்கே முற்றுப்பெறும். நிக்கல்ஸ் ஆட்டத்தில் ஈட்டிய பெயரை வேறொரு செலவுக்கென வைத்திருந்தார் போலும்.

அவருடைய உறவினரும் முதியவருமான வில்லியம் கூப்பர் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் கழகத்தை நடத்திவந்தார். வெள்ளையர் குடியேறி 150 ஆண்டுகள் நிறைந்ததை நாடு கொண்டாடிய 1938-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாளில், அதனைத் துக்க நாளாக அனுசரித்து ஸிட்னி நகரில் கூடிய ஆதிக்குடியினருள் நிக்கல்ஸும் ஒருவர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பிறந்த கம்மரகஞ்ஜாவிலேயே, உணவுக் குறைவையும் நிர்வாகியின் கொடுமையையும் பொறாத மக்கள் ஏறக்குறைய இருநூறு பேர் ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் வெளியேறினர்.

தாயாரின் மறைவுக்குப்பின் கிறிஸ்தவ சமய ஈடுபாடு அவரிடம் மிகுந்தது. யுத்தகாலத்தில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டிருந்த அவரை, 1942-இல் பிட்ஸ்ராய்ப் பகுதிப் போலீஸாரே வேண்டிக்கேட்டு விடுவிக்கச் செய்தனர். அவ்வட்டாரத்துக்கு வேலை தேடி வந்து குடியாலும் சூதாலும் சீரழிந்துகொண்டிருந்த ஆதிக்குடி மக்களிடையே பணியாற்றத் தக்கவர் அவரே என்று அவர்கள் கருதினர். தமக்கையைப் பறித்துச் சென்றவர்களும் போலீஸார். இப்போது உதவி நாடி வந்தவர்களும் போலீஸார். அவ்வாண்டின் இறுதியில், விபத்தில் மாண்ட தம் சகோதரருடைய மனைவி கிளாடிஸை மணந்துகொண்டார். கோர் வீதியில் ஒரு சிறு தேவாலயம் அமைந்தது. ‘பாஸ்டர் டக்’ என்றே மக்கள் அவரை அழைக்கலாயினர். அவர் சொல்லை இளைஞர் கேட்டதற்குப் பிரசங்கம் மட்டுமே காரணமன்று. பிட்ஸ்ராய்ச் சட்டையில் அவரைக் கண்ட நினைவும் உடனிருந்தது.

1957-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வார்பர்ட்டன் மலைப்பகுதிக்குச் சட்டசபை உறுப்பினர் பில் கிரேடனுடன் சென்றார். பசியாலும் நோயாலும் வாடிய மக்களைப் படமெடுத்துக் கொணர்ந்து நகரத்தார்க்குக் காட்டினர். அப்படம் மக்களின் மனச்சாட்சியை உலுக்கிற்று. அவ்வாண்டில் தோன்றிய ஆதிக்குடிகள் முன்னேற்றக் கழகத்தின் தூண்களுள் ஒருவராக அவர் விளங்கினார். விக்டோரியா அரசாங்கத்தின் நலவாரியத்தில் உறுப்பினராகவும் இருந்தார். லேக் டையர்ஸ் என்னும் குடியிருப்பைக் கலைக்க அவ்வாரியம் முற்பட்டபோது, 1963-இல் பதவியைத் துறந்து, எதிர்ப்பவர்களுடன் சேர்ந்துகொண்டார். அந்நிலம் 1971-இல் அங்கு வாழ்ந்த மக்களுக்கே உரிமையாக்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் நாடெங்கும் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஆதரிக்க, முன்னர்க் கூறிய 127-ஆம் பிரிவு அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்காக ஊர் ஊராகச் சென்று பேசியவருள் நிக்கல்ஸ் முன்னின்றார்.

1972-இல் ‘சர்’ பட்டம் பெற்றார். ஆதிக்குடியினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1976-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், முதல்வர் டான் டன்ஸ்டனின் பரிந்துரையின்மேல், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கவர்னராகப் பதவியேற்றார். சில வாரங்களிலேயே பக்கவாதம் தாக்கியது. 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் பதவியினின்று விலகினார். ஐந்து மாத ஆட்சியை வைத்து அவரை மதிப்பிடுவது முறையன்று. அரண்மனை வாசத்தை அவர் நாடிச் சென்றவரும் அல்லர்.

1988-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அவர் காலமானார். கம்மரகஞ்ஜாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மெல்போர்னின் பாராளுமன்றப் பூங்காவில் அவருக்கும் மனைவியார் கிளாடிஸுக்கும் 2007-இல் சிலை எழுப்பப்பட்டது. கான்பெரா நகரின் ஒரு பகுதியும், 2018 முதல் விக்டோரியாவின் ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் நிக்கல்ஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் ஆடிய லீக் 1990-இல் ஆஸ்திரேலியப் பந்தாட்ட லீக் எனப் பெயர் மாறியது. பிட்ஸ்ராய் குழு 1996-க்குப்பின் பிரிஸ்பேன் குழுவுடன் இணைந்துவிட்டது. 2016 முதல் அந்த லீகின் ஆட்டச் சுற்றுகளில் ஒன்று ‘சர் டக் நிக்கல்ஸ் சுற்று’ என அழைக்கப்படுகிறது. அச்சுற்றில் எல்லாக் குழுக்களும் ஆதிக்குடி ஓவியர்கள் தீட்டிய சித்திரங்கள் பொறித்த சட்டை அணிந்து ஆடுகின்றன. கார்ல்டன் குழுவும் அவ்வாறே ஆடுகிறது.